நல்ல பெண் என்னும் பெயரும் நற்காட்சியும்

நம் இல்லங்களில் பெண்மக்களைப் பாராட்ட விரும்பும்போது நாம் எளிதில் வழங்கும் பட்டம் ஒன்று உண்டு. "அவள் நல்ல பெண்" என்பதே அது. எதிர்த்துப் பேசாதவள், சொன்ன சொல் கேட்பவள், விருந்தினர் முன் அடக்கமாக இருப்பவள், ஆலயத்திற்கு அழைத்தால் மறுக்காமல் உடன் வருபவள் என்னும் குணங்கள் சேர்ந்து அப்பட்டத்தைப் பெற்றுத் தருகின்றன. இவற்றில் குறை காண்பது நம் நோக்கமன்று. பணிவும் அடக்கமும் போற்றத்தக்கவையே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை வளர்ந்துவரும் ஒரு பெண், நன்மை என்பதை என்னவென்று உணர்ந்துகொள்கிறாள்? பிறர் தன்னை நல்லவள் என்று சொல்வதையா? அன்றித் தன் உள்ளம் ஆராய்ந்து தேர்ந்துகொண்டதையா? இவ்விரண்டும் ஒன்றாக இருக்கும் நாள்களில் இடர் ஏதுமில்லை. இரண்டும் பிரியும் நாளில் அவள் எதைப் பற்றிக்கொள்வாள் என்பதே நாம் இங்கு ஆராய வேண்டுவது.

இதற்கு ஒளி காட்டும் வரலாறு ஒன்று நம் முன்னோர் நூல்களிலேயே இருக்கின்றது.

அனந்தமதியின் வரலாறு

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய ரத்னகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாருக்குரிய ஒழுக்க நூல். அதன் வழியில் தமிழில் எழுந்ததே நாம் போற்றிப் பயிலும் அருங்கலச்செப்பு. நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டென்றும், ஒவ்வோர் உறுப்பிலும் சிறந்து நின்றவர் இன்னார் என்றும் அந்நூல் வழி நாம் அறிகிறோம். அவற்றுள் இரண்டாம் உறுப்பு அவாவின்மை, வடமொழியில் நிஷ்காங்க்ஷிதம். அதற்கு எடுத்துக்காட்டாக ஆசாரியர் கூறுவது அரசர் ஒருவரையோ முனிவர் ஒருவரையோ அன்று. ஓர் இளம்பெண்ணை. அவள் பெயர் அனந்தமதி.

சம்பா நகரத்து வணிகர் பிரியதத்தனின் மகள் அவள். நந்தீசுவர பருவத்து எட்டு நாள்களில் பிரியதத்தன் ஒரு முனிவரை வணங்கிப் பிரமசரிய விரதம் ஏற்றான். அருகே நின்ற சிறுமியையும் விளையாட்டாக அவ்விரதத்தை ஏற்கச் செய்தான். ஆண்டுகள் சென்றன. மணப்பருவம் வந்தது. தந்தை திருமண ஏற்பாட்டைத் தொடங்கியபோது, தான் முன்பே விரதம் ஏற்றவள் என்று மகள் நினைவூட்டினாள். அது விளையாட்டாகச் செய்தது என்றான் தந்தை. அறத்தில் விளையாட்டு ஏது என்று வினவினாள் மகள். அந்த விரதம் எட்டு நாளுக்குரியதே என்றான் தந்தை. எனக்கு அவ்வாறு கால எல்லை கூறப்படவில்லையே என்றாள் மகள்.

பின்னர் வந்த துன்பங்கள் பல. ஊஞ்சலாடிக்கொண்டிருந்த அவளை வித்தியாதரன் ஒருவன் கவர்ந்து சென்று காட்டில் விடுத்தான். வேடர் தலைவன் கையிலும், வணிகன் ஒருவன் கையிலும், கணிகை ஒருத்தியின் இல்லத்திலும், இறுதியில் மன்னன் ஒருவன் கையிலும் அவள் அகப்பட்டாள். அச்சுறுத்தியவரும் உண்டு, அரசியாக்குவேன், பொன்னும் மணியும் தருவேன் என்று ஆசை காட்டியவரும் உண்டு. அவள் எதற்கும் இசையவில்லை. முடிவில் அயோத்தியில் ஆரியாங்கனை ஒருவரின் அடைக்கலத்தில் இருந்தாள். மகளைப் பிரிந்த துயர் ஆறாது அந்நகர் வந்த பிரியதத்தன், தான் தங்கிய இல்லத்தின் தரையில் இடப்பட்டிருந்த கோலத்தைக் கண்டு கண்ணீர் உகுத்தான். அது தன் மகள் இடும் கோலம்! அவளைத் தேடிக் கண்டு இல்லத்திற்கு அழைத்தான். அவளோ துறவறம் விழைந்து ஆரியாங்கனையாகித் தவம் மேற்கொண்டாள்.

வரலாற்றில் நாம் காண வேண்டியது

இக்கதையைக் கேட்ட அளவில் கற்பின் உறுதிக்கு எடுத்துக்காட்டு என்று கூறி நாம் நின்றுவிடுகிறோம். அது உண்மையே. ஆயினும் ஆசாரியர் இதனை அவாவின்மை என்னும் தலைப்பின்கீழ் ஏன் வைத்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவதாக, விரதத்தைச் சிறுமியாக ஏற்றபோது அவளிடம் இருந்தது கீழ்ப்படிதல் மட்டுமே. தந்தை சொன்னார், செய்தாள். வளர்ந்தபின் அதே விரதத்தைத் தன் அறிவால் எடுத்துப் பார்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். செயலில் மாற்றமில்லை, செய்பவளின் உள்ளத்தில் மாற்றம் நேர்ந்தது. பிறர் கொடுத்த நன்மை அன்று முதல் அவளுடைய நன்மையாயிற்று.

இரண்டாவதாக, அவ்வாறு ஏற்றுக்கொண்ட நாளில் அவள் தந்தையோடு மாறுபட வேண்டியதாயிற்று. தந்தை விரும்பியதைச் செய்திருந்தால் "நல்ல மகள்" என்று ஊர் முழுதும் புகழ்ந்திருக்கும். அப்புகழை அவள் விரும்பவில்லை. தந்தையை இகழவுமில்லை, பணிவோடு, காரணம் காட்டி, தன் நிலையைக் கூறினாள்.

மூன்றாவதாக, அவா என்பது பொன்னையும் பொருளையும் மறுமை இன்பத்தையும் விரும்புவது மட்டுமன்று. அறம் செய்து அதற்குக் கூலியாக எதை எதிர்பார்த்தாலும் அது அவாவே. "நல்லவள்" என்னும் பெயருக்காகச் செய்யும் நன்மையும் அவாவின் பாற்பட்டதே என்று நாம் கொள்ளுதல் தகும். பெயர் கிடைக்கும் இடத்தில் அத்தகைய நன்மை நிற்கும். கிடைக்காத இடத்தில் சாய்ந்துவிடும். காட்டிலும் கணிகை இல்லத்திலும் அனந்தமதியை நல்லவள் என்று புகழ யார் இருந்தார்கள்? புகழ்வார் ஒருவருமில்லாத இடத்திலும் அவளுடைய நன்மை நின்றது. ஆதலின் அவள் அவாவின்மைக்கு எடுத்துக்காட்டானாள்.

இக்காலத்து ஆய்வாளர் கண்டது

இவ்வுண்மைக்கு அணுக்கமான ஒன்றை அமெரிக்க நாட்டு உளவியல் ஆய்வாளர் கரோல் கில்லிகன் தம் வழியில் கண்டார். அவருக்கு முன் லாரன்ஸ் கோல்பர்க் என்னும் அறிஞர் மனிதரின் அறவுணர்வு படிப்படியாக வளரும் முறையை வகுத்திருந்தார். ஆனால் அவர் தம் அடிப்படை ஆய்வுக்குச் சிகாகோ நகரத்துச் சிறுவர்களையே எடுத்துக்கொண்டிருந்தார். சிறுமியர் அதில் இடம்பெறவில்லை.

கோல்பர்க் கேட்ட வினா ஒன்று: நோயால் இறக்கும் நிலையிலுள்ள மனைவிக்கு வேண்டிய மருந்தைக் கடைக்காரன் பெருவிலை கூறி மறுக்கிறான், கணவன் அதைத் திருடலாமா? பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், பொருளினும் உயிர் பெரிது, ஆதலால் திருடலாம் என்றான். அதே வயதுச் சிறுமி ஒருத்தி, திருடவும் கூடாது, மனைவி இறக்கவும் கூடாது என்றாள். கணவன் சிறை சென்றால் நோயாளியைக் காப்பவர் யார் என்று கேட்டாள். பேசி வேறு வழி காண வேண்டும் என்றாள். பழைய அளவுகோலின்படி அவள் விடை தெளிவற்றதாகவே மதிப்பிடப்பட்டது. அச்சிறுமி கணக்குப் பார்க்கவில்லை, உறவுகளைப் பார்த்தாள், யாருக்கும் ஊறு நேராத வழியைத் தேடினாள் என்று கில்லிகன் எடுத்துக்காட்டினார். இதனை அவர் 1982-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். ஆண்கள் ஒருவகை, பெண்கள் வேறுவகை என்று இதனை முற்றாகப் பிரித்துவிடவும் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் இருவர், இருபாலாரிடையே காணப்படும் வேறுபாடு சிறிதே என்று 2000-ஆம் ஆண்டில் காட்டினர்.

நமக்கு இன்றியமையாதது அந்நூலின் மற்றொரு பகுதி. வாழ்வின் கடினமான முடிவொன்றின்முன் நின்ற, 15 முதல் 33 வயது வரையுள்ள 29 பெண்களிடம் அவர் உரையாடினார். அவர்களுடைய சிந்தனையில் மூன்று நிலைகளைக் கண்டார். முதல் நிலையில் தன்னைக் காத்துக்கொள்வதே பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டாம் நிலையில், தன்னை முற்றிலும் விட்டுக்கொடுத்துப் பிறரை நிறைவுசெய்வதே நன்மை எனத் தோன்றுகிறது. இதுவே நாம் "நல்ல பெண்" என்று புகழும் நிலை. ஆனால் இதில் ஒரு பொய் ஒளிந்திருக்கின்றது. உள்ளம் ஒன்றை விரும்ப, வாய் வேறொன்றைச் சொல்கின்றது. இதனை உணர்ந்த பெண் நற்பெயரைக் கடந்து உண்மையை நாடுகிறாள். மூன்றாம் நிலையில், எவருக்கும் ஊறு செய்யாமை என்பதே அவளுக்கு அறமாகிறது. ஊறு செய்யத்தகாத அந்த "எவரும்" என்பதில் தானும் அடங்குகிறாள். இம்மூன்றாம் நிலையைக் குறிக்கக் கில்லிகன் ஆண்ட சொல் அகிம்சை என்னும் பொருளுடையதே. ஜினதர்மம் வழிவழியாக முழங்கிவரும் சொல்லை வேறொரு வழியாக வந்தவர் அடைந்திருப்பது நாம் மகிழ்ந்து சிந்திக்கத்தக்கது.

கில்லிகனும் லின் மைக்கேல் பிரவுனும் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஏழு முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவியரோடு சில ஆண்டுகள் உரையாடி, 1992-இல் மற்றொரு நூலை வெளியிட்டனர். எட்டு வயதில் தமக்குத் தோன்றியதைத் தயங்காமல் கூறிய சிறுமியர், பன்னிரண்டு பதின்மூன்று வயதை அடையும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்லத் தொடங்குவதை அவர்கள் கண்டனர். உண்மையில் தெரியாமல் அன்று. சொன்னால் உறவு கெடும், நல்லவள் என்னும் பெயர் போகும் என்னும் அச்சமே காரணம். அது தொலைநாட்டுப் பள்ளி ஒன்றின் செய்தி. ஆயினும், "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா" என்று விடைவரும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா?

தன் உயிரும் உயிரே

அகிம்சையின் இலக்கணத்தை நம் ஆசாரியர்கள் நுட்பமாகக் கூறியுள்ளனர். சினம், செருக்கு, மாயம், உலோபம் ஆகிய கஷாயங்களுக்கு ஆட்பட்டவன், பிறவுயிருக்கு ஊறு நேர்ந்தாலும் நேராவிட்டாலும், முதற்கண் தன் ஆன்மாவையே ஊறுபடுத்துகிறான் என்பது புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிருதசந்திர ஆசாரியர் விளக்கும் கருத்து. மாயம் என்பது உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுதல். நற்பெயருக்காகத் தன் உள்ளத்தை மறைத்து வாழப் பழகும் பெண், யாரையும் ஏமாற்றும் எண்ணமின்றியே மாயத்தைப் பயில்கிறாள். அப்பயிற்சியை நாமே அவளுக்கு அளிக்கலாகாது.

"அப்படியானால் மகள் தன் விருப்பப்படி நடக்கலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். மனம் போனபடி நடத்தல் முதல் நிலை. அது தேர்வு ஆகாது. அனந்தமதி தேர்ந்தது எளிய வழியன்று. ஆராய்ந்து தேர்ந்த ஒன்றில் நிற்பது கீழ்ப்படிதலைக் காட்டிலும் கடினமானது.

மூன்று சூழ்நிலைகள்

இல்லறத்தார் தம் செயலை அளந்தறிய நம் சமயம் ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை வந்து சேரும். இவற்றைப் பெருக்க ஒன்பது வழிகள் ஆகின்றன. இவ்வளவுகோலை நம் பெண்மக்கள் நாள்தோறும் சந்திக்கும் சூழ்நிலைகளில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று. வகுப்புத் தோழியின் பிறந்தநாள் விருந்து மாலை ஏழு மணிக்கு. ஞாயிறு மறைந்தபின் உண்ணாத வழக்கமுடைய பெண், "எனக்கு வயிற்றுவலி" என்று சொல்லி உணவைத் தவிர்க்கிறாள். இரவு உண்ணாமை காக்கப்பட்டது, வாய்மை இழக்கப்பட்டது. மற்றொருத்தி தோழியர் வருந்துவரே என்று உண்டுவிட்டு, இல்லம் வந்து உண்ணவில்லை என்கிறாள். இருவரும் பிறர் மனம் நோகக் கூடாதென்றே அவ்வாறு செய்தனர். இன்னொருத்தி, "எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்" என்கிறாள். இது உண்மைதான், ஆனால் விரதம் இன்னும் வீட்டாருடையது, அவளுடையதன்று. "நான் இரவில் உண்பதில்லை. உணவிலும் விளக்கிலும் விழும் சிற்றுயிர்களை எண்ணி இதைக் கடைப்பிடிக்கிறேன். உன்னோடு மகிழ்ந்திருக்கவே வந்தேன்" என்று சொல்பவள் அனந்தமதியின் வழியில் ஓர் அடி வைத்தவள். "வீட்டில் விடமாட்டார்கள்" என்பதற்கும் "நான் உண்பதில்லை" என்பதற்கும் இடையே உள்ள தொலைவே சமயக் கல்வி கடக்க வேண்டிய தொலைவு.

இரண்டு. தேர்வு அறையில் நெருங்கிய தோழி விடைத்தாளைச் சற்றுச் சாய்த்துக் காட்டும்படி வேண்டுகிறாள். மறுத்தால் நட்புக் கெடும்; "தன்னலக்காரி" என்னும் பெயர் வரும். காட்டினால், தான் செய்யாவிடினும் செய்வித்தலும் உடன்படுதலும் ஆகின்றன. தோழியின் துன்பத்தைப் பொருட்படுத்தாமல் முகம் திருப்பிக்கொள்வதும் அறமாகாது. தேர்வுக்கு முன்னரே "நாளை மாலை என் வீட்டிற்கு வா, சேர்ந்து படிப்போம்" என்று அழைப்பதே வழி. மருந்துக் கதையில் அச்சிறுமி தேடியதும் இத்தகைய மூன்றாம் வழியையே.

மூன்று. கைப்பேசிக் குழு ஒன்றில் உடன் பயிலும் ஒருத்தியைப் பழித்து ஒரு படம் வருகின்றது. பலர் நகைக்கின்றனர். அதனைப் பிறருக்கு அனுப்புதல் செய்தலாகும். நகைப்புக் குறி இடுதல் உடன்படுதலாகும். வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்பவள் தன் மனத்தைச் சோதித்தல் வேண்டும். உள்ளூர மகிழ்ந்தால் அதுவும் மனத்தால் உடன்படுதலே. பழிக்கப்பட்டவளிடம் தனியே சென்று "நான் உன் பக்கம் இருக்கிறேன்" என்று சொல்வதற்குப் பெரிய துணிவு வேண்டும். அங்கே நற்பெயர் கிடைக்காது. அவாவின்மை சோதிக்கப்படும் இடம் அதுவே.

பெற்றோர் கடமை

இதுவரை பெண்மக்களுக்குச் சொன்னோம். இனி நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

குற்றத்தை மறையாமல் குருவிடம் கூறுதலை ஆலோசனை என்பர். அதனைக் கேட்கும் ஆசாரியருக்குரிய குணங்களைப் பகவதி ஆராதனை விரிவாக எடுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று அபரிஸ்ராவி என்பது. கசியாத கலம் போன்றவர் என்று பொருள். கேட்ட குற்றத்தை அவர் வெளியே கசியவிடமாட்டார். நம் இல்லங்களில் மகள் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டால் என்ன நேர்கிறது? அன்று மாலைக்குள் அத்தைக்குத் தெரிகிறது. மறுநாள் பாட்டிக்குத் தெரிகிறது. அடுத்த திருவிழாவில் உறவினர் அனைவர் முன்னும் நகைப்புக்குரிய செய்தியாகிறது. பிறகு அவள் எதையும் நம்மிடம் சொல்வதில்லை. வாய்மையைக் கற்பிக்க விரும்பும் பெற்றோர் முதலில் கசியாத கலமாதல் வேண்டும்.

இது பெரிய இடர்களிலும் பொருந்தும். ஒருவன் தொல்லை கொடுத்தாலோ, படத்தைக் காட்டி மிரட்டினாலோ, "நல்லவள் என்னும் பெயர் போய்விடுமே" என்று அஞ்சி ஒரு பெண் வாய்மூடியிருப்பாளாயின், நாம் வழங்கிய பட்டமே அவளுக்கு விலங்காகிவிடும். அனந்தமதி கவரப்பட்டாள், கைமாற்றப்பட்டாள், கணிகை இல்லத்திலும் இருந்தாள். அவற்றுள் எதையும் நம் நூல்கள் அவள்மேல் பழியாக ஏற்றவில்லை. பிறர் செய்த தீமை அவளுடைய மாசு அன்று என்பதில் முன்னோருக்கு ஐயமில்லை. தந்தையும் கோலத்தைக் கண்டு கண்ணீர் விட்டு மகளைத் தேடினாரேயன்றி வினா எழுப்பி நிற்கவில்லை. "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல்; நாங்கள் உன் பக்கமே இருப்போம்" என்று ஒவ்வொரு பெற்றோரும் இன்றே தம் மகளிடம் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பாலியல் தீங்கினின்று காப்பளிக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. சிறார் உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உள்ளது. இவற்றையும் மகள் அறிந்திருத்தல் நன்று.

விரதங்களைக் கற்பிக்கும்போது "செய்" என்பதோடு நில்லாமல் "ஏன்" என்பதையும் சொல்லுவோம். அவள் வினவினால் எதிர்ப்பு என்று கொள்ளாதிருப்போம். அனந்தமதியும் தந்தையை வினவினாள். "நல்ல பெண்" என்று பொதுவாகப் புகழ்வதைக் காட்டிலும், "இன்று உண்மையைச் சொன்னாய், அது கடினம் என்று அறிவோம்" என்று செயலைச் சுட்டிப் பாராட்டுவோம். மகனுக்கும் இவ்வளவுகோலையே வைப்போம். மகளுக்கு அடக்கமும் மகனுக்கு விலக்கும் என்று இரு நீதி வழங்கினால், நாம் கற்பிப்பது அறமன்று என்பதைப் பிள்ளைகள் எளிதில் அறிந்துகொள்வர்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

இல்லத்தில் அனைவரும் கூடி அமர்ந்து இவற்றை உரையாடலாம். பெரியோர் முதலில் விடை கூறுதல் நன்று.

1. நீங்கள் கடைப்பிடிக்கும் ஒழுக்கங்களுள் "நான் இதைச் செய்வதில்லை" என்று சொல்லத்தக்கவை எவை? "வீட்டில் விடமாட்டார்கள்" என்று மட்டும் சொல்லத்தக்கவை எவை?

2. பிறர் மனம் நோகாதிருக்க நீங்கள் கூறிய பொய் ஒன்றை நினைவுகூர்க. அதே அன்போடு உண்மையை எவ்வாறு கூறியிருக்கலாம்?

3. இந்த வாரத்தில் செய்தலாலன்றி உடன்படுதலால் வந்த வினை ஏதேனும் உண்டா?

4. யாரும் அறியாவிடினும், யாரும் புகழாவிடினும் நீங்கள் தொடர்ந்து செய்யும் நன்மை எது?

நான்காம் வினாவிற்கு ஒரு பெண் தயங்காமல் விடை சொல்வாளாயின், அவளுக்கு நாம் எப்பட்டமும் வழங்க வேண்டியதில்லை. அனந்தமதி இட்ட கோலம் அவளை யாரென்று தந்தைக்குக் காட்டிற்று. நம் பெண்மக்களின் ஒழுக்கமும் அவ்வாறே அவர்தம் கைவண்ணமாய் விளங்குக!

வாழ்க ஜினதர்மம்! வளர்க நற்காட்சி!